ஏழு கோடி ஆண்டுக் கடல்மேல் ஒரு கம்பம்

"ரெண்டுல ஒண்ணுதானே மாமா சரியா இருக்கணும்?"

அக்கா மகள் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். உயிரியலில் பரிணாமப் பாடம் நடக்கிறது. அவள் அம்மாவோ கலியுக வரதராஜப் பெருமாளைக் கும்பிடாமல் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். உலகத்தையும் உயிர்களையும் படைத்தவர் அந்தப் பெருமாள்தான் என்பதில் அக்காவுக்குத் துளியும் ஐயம் கிடையாது. பரீட்சைத் தாளில் ஒன்றை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து வேறொன்றைச் சொல்லப் பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நேர்மைக்காகவே அவளுக்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது.

அக்கா டீ டம்ளர்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். "பொறுமையா சொல்லு தம்பி, எனக்கும் கேக்கணும்" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன். பெருமாளைக் கும்பிடுகிறவனும்கூட. அதனால் என் நிலையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பரிணாமம் உண்மை. புல்லும் பூச்சியும் மாடும் மனிதனும் ஒரே பெரிய குடும்பம், கோடிக்கணக்கான ஆண்டுகளில் கிளைவிட்டுப் பிரிந்தவை. மனிதனுக்கு மட்டும் இதில் விலக்கு கிடையாது. இதை முழுதாக ஒப்புக்கொண்டுதான் ராமநவமித் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் கல்லங்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. அரியலூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். இங்கே கலியுக வரதர் கோயிலில் மூலவர் சிலையாக இல்லை. உயர்ந்த ஒரு கல் கம்பம்தான் பெருமாள். அடிப்பகுதியில் ஆஞ்சநேயர் இருக்கிறார். மாடு மேய்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் சினைப்பசு காணாமல் போயிற்றாம். தேடிப் போனபோது, விழுந்து கிடந்த ஒரு கல் கம்பத்தின் அருகே அது நின்றதாம். கனவில் உத்தரவு வந்து, அந்தக் கம்பத்தை நட்டுக் கும்பிட்டார்களாம். ஊர்க்கதை அப்படித்தான் போகிறது. கர்ப்பக்கிரகத்துக்குள் கண் மூக்கு வைத்த உருவம் இல்லாமலேயே, கலியுகத்தில் வரம் தருகிறவர் என்று பெயர் சொல்லி, விளைந்த நெல்லில் முதல் மரக்காலைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் குடியானவர்கள்.

அந்தக் கம்பம் நிற்கும் மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அரசு சிமென்ட் ஆலைக்குக் கல் எடுக்கும் சுரங்கம் இந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. நிலவியல்காரர்களும் இந்தப் பாறை அடுக்குக்குக் கல்லங்குறிச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் எங்கே கிரெட்டேசியஸ் காலத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும், தென்னிந்தியப் பேச்சு வந்தால் கல்லங்குறிச்சி என்ற பெயரும் வந்துவிடும். அந்த அடுக்கின் வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு.

திண்ணை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அக்கா மகள் கையில் கொடுத்தேன். குவாரி லாரியிலிருந்து எப்போதோ சிதறி விழுந்தது, வாசல் தெளிக்கும்போது நகர்த்தி நகர்த்தி வைக்கிற கல். நனைத்துப் பார்த்தால்தான் தெரியும். முழுக்கச் சிப்பி. ஒன்று உள்ளங்கை அளவுக்குத் தடித்து, ஒரு முனை கொக்கியாக உள்நோக்கி வளைந்திருக்கிறது. அதன் மேல் ஓடு தட்டையாக, மூடிபோல. கிரைஃபியா என்ற பழைய ஆளி வகை. உடைந்த பக்கத்தில் ஓடு வளர்ந்த வரிகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பக்கத்திலேயே வலைபோலப் பின்னிய சின்னச் சின்னத் துளைகள். பிரையோசோவா எனப்படும் கூட்டுயிர்கள் கட்டிய வீடு அது. இதே சுரங்கத்துக் கல்லில் கடல் முள்ளெலியின் குமிழ் ஓடும் கிடைக்கும். அதன் மேல் ஐந்து இதழ் விரித்த பூ அச்சாகப் பதிந்திருக்கும்.

"இது கடல்ல இருக்கறதுதானே? கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்!" என்றாள் அக்கா.

கடல் இங்கே வந்திருந்தது. தென் துருவப் பக்கத்துப் பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியே பிரிந்தபோது, நம் கிழக்குக் கரையோரம் நிலம் இறங்கியது. கடல் உள்ளே புகுந்து, பின்வாங்கி, மறுபடி புகுந்தது. ஒவ்வொரு முறையும் சேறும் ஓடும் படிந்தன. அந்த அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஆகையால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலிருந்து கிழக்கே அரியலூர் வந்து, அங்கிருந்து செந்துறைப் பக்கம் நின்னியூர் வரை போனால், பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போகிறோம். காரையில் 10 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட களிமண் மேடுகள். கல்லங்குறிச்சியில் 7 கோடி. நின்னியூருக்குப் போனால் 6 கோடி சொச்சம். உலகத்தில் இவ்வளவு சின்ன வட்டாரத்துக்குள் இவ்வளவு நீண்ட வரலாறு வரிசை குலையாமல் கிடைக்கும் இடங்கள் குறைவு.

கல்லாகிப்போன இந்த உயிர்களை முதலில் சேகரித்தவர்கள் சென்னை மாகாண அரசில் வேலை பார்த்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் 1840களில் பொறுக்கினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றை விவரித்து வெளியிட்டார். டார்வினின் புத்தகம் வந்தது 1859ல். பரிணாமக் கொள்கையை நிரூபிக்க வேண்டும் என்று யாரும் அரியலூர்க் கல்லை எடுக்கவில்லை. கொள்கை அச்சாவதற்கு 13 ஆண்டு முன்பே நம் ஊர்ச் சிப்பிகள் லண்டனில் இருந்தன. பிறகு பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் 1862ல் இந்தப் பகுதிப் பாறைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். லடாக் மலைப் பயணத்தில் 1874ல் இறந்தார், 40 வயதுகூட ஆகவில்லை. அவர் தொகுதிகளில் உள்ள படங்களை இன்றைக்கும் மாணவர்கள் பார்க்கிறார்கள்.

இந்த வரிசையில் என்ன தெரிகிறது? அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கில் இருக்கும் அதன் வகைகள் மேல் அடுக்கில் இல்லை. அவற்றின் இடத்தில் அவற்றுக்கு நெருங்கிய, ஆனால் வேறான வகைகள் இருக்கின்றன. நின்னியூருக்குப் போனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. தூரத்து உறவான நாட்டிலஸ் வகை மட்டும் தப்பித்து நிற்கிறது. எங்கேயும் வரிசை மாறுவதில்லை. காரைக் களிமண்ணில் ஒரு மாட்டெலும்பு கல்லாகப் பதிந்து கிடந்தால், ஒரு மனிதப் பல் கிடந்தால், பரிணாமக் கொள்கை அன்றைக்கே ஆட்டம் காணும். 180 ஆண்டாகத் தோண்டுகிறார்கள், கிடைக்கவில்லை.

"ஒண்ணு இன்னொண்ணா மாறினத யாரு பாத்தா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. 2018 ஜனவரியில் ஒரு மத்திய இணையமைச்சரே இதைக் கேட்டார். குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, அதனால் டார்வின் சொன்னது தவறு, பாடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டன. ஐந்து ஆண்டு கழித்து, 2023ல், மத்தியப் பாடத்திட்டத்தின் 10ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நிரந்தரமாக எடுக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது. அந்த வகையில் அக்கா மகள் கொடுத்து வைத்தவள்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் விதைநெல்லைப் பற்றியது. நம் அப்பா கதிர் முற்றியதும் வயலுக்குள் நடந்து, சாயாமல் நிற்கிற, மணி திரண்ட கதிராகப் பார்த்து விதைக்கென்று ஒதுக்குவார். ஒரே வயலில் எல்லாக் கதிரும் ஒன்றுபோல இருப்பதில்லை. இருக்கிற வேறுபாட்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதையே விதைத்து, மறுபடி தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்ததில்தான் நாட்டுக்கு ஆயிரக்கணக்கான நெல் ரகம் வந்தது. ஒரு ரகம் இன்னொரு ரகமான அந்த நாளை எந்தக் குடியானவரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாளே கிடையாது. டார்வினும் தன் புத்தகத்தை இங்கேதான் தொடங்குகிறார், புறாவும் பயிரும் வளர்க்கிறவர்களின் கைவேலையில். அவர் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான். தெரிந்தெடுக்க ஆள் இல்லாவிட்டாலும், வறட்சியும் குளிரும் நோயும் எதிரியும் அந்த வேலையைச் செய்துவிடும். பிழைத்ததுதான் குட்டி போடும். 7 கோடி ஆண்டு அவகாசம் கொடுத்தால் மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

இன்றைக்கு மரத்தில் இருக்கிற குரங்கு நாளைக்கு மனிதனாகும் என்று பரிணாமம் சொல்லவில்லை. சிம்பன்ஸியும் நாமும் ஒரே மூதாதையிலிருந்து சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பங்காளிகள். அவ்வளவுதான்.

இங்கே அக்கா மகள் உற்சாகமாகிவிட்டாள். "அப்ப தசாவதாரமும் இதானே மாமா? முதல்ல மீன், அப்புறம் ஆமை, பன்றி, அப்புறம் பாதி மிருகம் பாதி மனுசன், வாமனர், ராமர்... டார்வினுக்கு முன்னாடியே நம்மாளுங்க சொல்லிட்டாங்கன்னு வீடியோவுல பாத்தேன்."

மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் இது ஓயாமல் சுற்றுகிறது. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான். இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. ஆனால் எனக்கு இது ஒப்பவே ஒப்பாது. இந்த யோசனை ஆழ்வார்கள் காலத்தது இல்லை, ஆசாரியர்கள் காலத்ததும் இல்லை. 1877ல் பிளாவட்ஸ்கி அம்மையார் நியூயார்க்கில் அச்சிட்ட புத்தகத்திலும், 1882ல் கல்கத்தாவில் கேசவ சந்திர சென் பேச்சிலும் தலைகாட்டியது. டார்வின் புகழ் பரவிய பிறகு அவரோடு நம்மைச் சேர்த்துக்கொள்ளச் செய்த முயற்சி அது.

அறிவியலாகவும் அது நிற்காது. பரிணாமம் ஏணி கிடையாது. ஆமையிலிருந்து பன்றி வரவில்லை, பன்றியிலிருந்து மனிதன் வரவில்லை. நம் மண்ணின் அம்மோனைட்டுகளையே பாருங்கள். அழகாகச் சுருண்டு வளர்ந்த கூட்டத்திலிருந்து ஒரு கிளை சுருளையே கைவிட்டுக் கோல்போல நேராக நீண்டது. பாகுலைட்ஸ் என்று அதற்குப் பெயர், ஃபோர்ப்ஸ் விவரித்த அந்தப் பழைய சேகரிப்பிலேயே இருக்கிறது. அது மேலே போனதா, கீழே போனதா? இரண்டும் இல்லை. அந்தக் கடலில் அது பிழைத்தது.

பக்தியாகவும் நிற்காது என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். மச்சாவதாரத்தைக் கும்பிடுகிறவருக்கு அந்த மீன் முழுப் பெருமாள். ராமருக்குக் கொஞ்சம் குறைந்த, இன்னும் தேறி வராத பெருமாள் கிடையாது. அவதாரங்களை வளர்ச்சிப் படியாக அடுக்கினால், டார்வினுக்காக மச்சமூர்த்தியைக் கீழ்ப்படியில் நிறுத்துகிறோம். எந்த வைணவப் பெரியவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல், பூண்டு, புழு, மரம் என்று பிறவிகளை அடுக்குவதையும், தொல்காப்பியம் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுப்பதையும் இதே போலப் பரிணாமம் என்கிறார்கள். முன்னது ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்த கதை. பின்னது கண்ணெதிரே இருக்கிற உயிர்களைப் புலனறிவால் வகைப்படுத்திய கூர்மை. இரண்டுமே தம்மளவில் பெரியவை. ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையைப் பெற்று மெல்ல வேறாகியது என்ற செய்தி இரண்டிலும் இல்லை.

"அப்ப சேக்கவே முடியாதுங்கறியா?" அக்காவின் குரலில் லேசான வருத்தம்.

முடியும். ஆனால் ஒட்டுப்போட்டுச் சேர்க்கக் கூடாது. சாளக்கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்பு உருண்டைக் கல். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராம திவ்யதேசம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. திருவாட்டாற்றுப் பெருமாள் திருமேனியிலும், திருவனந்தபுரத்துப் பத்மநாபர் திருமேனியிலும் ஆயிரக்கணக்கான சாளக்கிராமங்கள் சேர்ந்திருப்பதாகச் சொல்வது வழக்கம். பெருமாள் கழுத்தில் சாளக்கிராம மாலை பார்த்திருப்பீர்கள். கல்லை உடைத்தால் உள்ளே சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரம் ஓர் அம்மோனைட். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கிருந்த கடலில், சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் நீந்திய உயிர்.

என் பையில், வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த காரைப் பக்கத்து அம்மோனைட் துண்டு ஒன்று இருந்தது. அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான உயிர் இது. ஓட்டின் கடைசி அறையில் குடியிருந்து, வளர வளரப் பின்னால் சுவர் எழுப்பி அறை அறையாக அடைத்துக்கொண்டே போகும். சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். மேல் ஓடு பெயர்ந்த இடத்தில் அந்தக் கோடு தெரிகிறது, இலை விளிம்புபோல நெளிந்து, நெளிவுக்குள் நெளிவாக. 35 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் இந்த இனத்தின் கோடு பெரும்பாலும் எளிய வளைவாக இருக்கும். காலம் போகப் போகப் பல கிளைகளில் சிக்கலாகிறது, சில கிளைகளில் மறுபடி எளிதாகிறது. எந்தக் கோடு எந்தக் காலத்தது என்று அறிந்தவர் கல்லைப் பார்த்தே பாறையின் வயதைச் சொல்லிவிடுவார்.

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவள் மகள் கோட்டின் நெளிவைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள்.

ஒரே கல்தான் ஒருவருக்குச் சக்கரத்தாழ்வாராகவும், இன்னொருவருக்குக் கால அளவாகவும் இருக்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அக்காவின் வணக்கம் அந்தக் கல் எப்படி உண்டானது என்பதற்கு விடை சொல்வதில்லை. மகளின் பென்சில் கோடு அதை வணங்கலாமா என்பதற்கு விடை சொல்வதில்லை. சண்டை வருவது, வணங்குகிறவர் வயதையும் வரிசையையும் பற்றித் தீர்ப்புச் சொல்ல வரும்போதும், அளக்கிறவர் வணங்குவதற்கு எதுவும் இல்லை என்று அளவுகோலைக் காட்டிச் சொல்லும்போதும்தான். வயதையும் வரிசையையும் பற்றிக் கல் தெளிவாகப் பேசியிருக்கிறது. அந்த இடத்தில் நம்பிக்கை ஒதுங்கி வழிவிடத்தான் வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஒதுங்குவதால் நம்பிக்கைக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், ராமாநுஜரைப் பார்க்கச் சொல்வேன். குயவன் வேறு, மண் வேறு, பானை வேறு என்பது ஒரு பார்வை. வெளியே உட்கார்ந்து ஒருநாள் எல்லாவற்றையும் வனைந்து முடித்த குயவனாகக் கடவுளை நினைத்தால், பரிணாமம் அந்தக் கடவுளுக்கு வேலையில்லாமல் செய்துவிடும். மேற்கே நடந்த சண்டை பெரும்பாலும் இதுதான். ராமாநுஜ சித்தாந்தத்தில் வனைபவரும் அவரே, மண்ணும் அவரே. உயிர்களும் உயிரற்றவையும் அவருக்கு உடல். உள்ளே இருந்து நடத்துகிறவர், அந்தர்யாமி. நுண்ணிய நிலையில் இருந்த உலகம் பருநிலைக்கு விரிவதுதான் படைப்பு, மறுபடி ஒடுங்குவது பிரளயம். ராமாநுஜர் பரிணாமத்தை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உலகம் மெல்ல மெல்ல விரிந்தது என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் இடிந்துபோகிற கட்டடத்தை அவர் கட்டவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பெரிய எண்களுக்கும் நாம் பயப்பட வேண்டியதில்லை. 1650ல் அயர்லாந்துப் பேராயர் அஷர், உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டதாகக் கணக்குப் போட்டார். அதை நம்பியவர்களுக்கு ஒரு சிப்பிக்கல்லே பெரிய சங்கடம். நம் பஞ்சாங்கக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமிக்கு வயது சுமார் 454 கோடி. எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று சிலர் துள்ளுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. அது தற்செயலான நெருக்கம், பாறையை அளந்து சொன்ன எண் அல்ல. அவ்வளவு பெரிய காலத்தை மனதில் வைத்துப் பழகிய வழிபாட்டுக்கு 7 கோடி ஆண்டு என்றால் மூச்சுமுட்டாது. அந்தப் பயன் போதும். கலியுகம் தொடங்கி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது என்பது அதே பஞ்சாங்கம். கலியுக வரதர் நிற்கிற தரை அந்த யுகத்தைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு பழையது.

மேற்கிலும் எல்லோரும் அஷர் வழியில் நிற்கவில்லை. நம் மாவட்டத்திலேயே ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயில் இருக்கிறது. அங்கே போகிற கத்தோலிக்கர்களின் திருச்சபை 1950ல் பரிணாம ஆராய்ச்சிக்குத் தடையில்லை என்றது. 1996ல் போப் இரண்டாம் ஜான் பால், அது வெறும் அனுமானத்துக்கு மேற்பட்டது என்றே ஒப்புக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய பரிணாம அறிஞர்களில் ஒருவரான டொப்ஜான்ஸ்கியும் கிறிஸ்தவர்தான்.

பேச்சு மனிதனிடம் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆடு மாடு மாறட்டும். மனுசனப் போய் குரங்குக்குச் சொந்தம்னா எப்படி தம்பி?"

"கம்பத்துக்கு அடியில யாருக்கா இருக்காரு?" என்று கேட்டேன்.

அக்கா பேசவில்லை. மகள்தான் "ஆஞ்சநேயர்" என்றாள்.

ஆஞ்சநேயர் கதை பரிணாமத்துக்குச் சான்று அல்ல. மேலே தசாவதாரத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஆனால் விலங்கோடு உறவு என்பது அவமானம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் பெருமாள் யானைக்கு ஓடிவந்தவர். ஜடாயு என்ற பறவைக்கு மகன் முறையில் ஈமக்கடன் செய்தவர். வானரத்தைத் தழுவிக்கொண்டவர். மனிதனை மட்டும் தனிப் பீடத்தில் வைத்தால்தான் கடவுள் பெரியவர் என்று இந்த வழிபாடு ஒருபோதும் சொன்னதில்லை. சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் இனம் தோன்றியதே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுக்கு முன்புதான். அந்தக் கோடரியைச் செதுக்கியவர் நம்மைப் போன்றவர், ஆனால் நாம் அல்ல. அவருக்கும் பசி இருந்திருக்கும், பிள்ளை இருந்திருக்கும். அவருக்கு ஆன்மா உண்டா என்று கேட்டால், புல்லுக்கும் உண்டு என்கிற ஊரில் வளர்ந்தவன் நான், இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நம்பிக்கைக்கு உண்மையான கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் மெக்சிகோ கரையில் ஒரு விண்கல் விழுந்தது. நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடிக்கொண்டிருந்த காலம். டைனோசர்களில் பறவைகளின் கிளை மட்டும் தப்பியது. அம்மோனைட்டுகள் கூண்டோடு அழிந்தன. அந்த அழிவு இல்லாவிட்டால் சிறு பாலூட்டிகள் பெருகியிருக்காது, நாமும் இந்தத் திண்ணையில் இருந்திருக்க மாட்டோம். "அவ்வளவும் சாகறப்ப பெருமாள் பாத்துக்கிட்டா இருந்தாரு?" என்று அக்கா கேட்டாள். இதற்கு அறிவியலிடம் விடை கேட்பது தப்பு. அது காரணத்தைச் சொல்லும், நியாயத்தைச் சொல்லாது. காய்ச்சலில் போன ஒரு குழந்தைக்காகக் கம்பத்தின் முன் நின்று தாய் கேட்கிற கேள்வியும் இதேதான், அளவு மட்டும் வேறு. பரிணாமம் இந்தக் கேள்வியை உண்டாக்கவில்லை, அகலமாக்கியிருக்கிறது. பிறப்பும் இறப்பும் சேர்ந்தேதான் படைப்பு என்று பிரளயத்தைச் சொன்னவர்கள் ஓரளவு தயாராக இருந்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை.

படைத்தது பெருமாள்தான் என்று உறுதியாக நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. படைப்பு எப்படி நடந்தது என்பதற்கு நம் காலடியில் இருக்கிற சாட்சி தினமும் டிப்பர் லாரியில் ஏறிச் சூளைக்குப் போகிறது. சிமென்ட் வேண்டும், வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எரிப்பதற்கு முன் யாராவது பார்க்க வேண்டாமா? கல்லமேட்டில் 1980களில் மாபெரும் டைனோசர் எலும்புகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். உரிய பாதுகாப்பு இல்லாமல் அவை நொறுங்கிப்போயின. 2020ல் குன்னம் பக்கம் ஏரி தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று கூட்டம் திரண்டது. பார்த்த நிலவியலாளர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த கல் உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் ஊர் கலைந்துவிட்டது. உள்ளே இருந்தது சாளக்கிராமத்தின் உறவு என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள்.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டிய கல்மரம் 18 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கிறது. பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன, நல்லது. பெரியவர்கள் அங்கே போவதில்லை. அவர்கள் கோயிலுக்கு வருவார்கள். ராமநவமியை ஒட்டிப் பத்து நாள் திருவிழாவுக்குச் சுற்று மாவட்டமெல்லாம் இங்கே கூடும். நெல் மூட்டையோடும் மாட்டோடும் வருகிறவர்கள் கம்பத்தைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்வார்கள். அந்த நிழலில் ஒரு நீள மேஜை போட்டு, காரையிலிருந்து நின்னியூர் வரை கற்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வயதையும் பெயரையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கையில் எடுத்துப் பார்க்கவும் விடலாம். கோயில் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், கற்களுக்கு அருங்காட்சியகத்திடமும் கல்லூரி நிலவியல் துறையிடமும் கேட்க வேண்டும். விண்ணப்பத்தை அக்கா மகள் எழுதத் தொடங்கிவிட்டாள். மேஜை விரிப்புக்குத் துணி தன்னிடம் இருக்கிறது என்றாள் அக்கா.